பழுதாகாத ரச்பாட்

மடிகணினியின் விசைகளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் இருக்கும் வழுவழுப்பான சதுரத்துக்குத் தொடுபலகை என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான். ஆனால் கொக்குவிலில் எவரும் அதை அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. இங்கு அது ரச்பாட். ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன்.

2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் வின்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு முடிவுக்கு வந்தது. வின்டோஸ் 11க்கு மாறுவதற்கு இன்டெல் சில்லு என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்கவேண்டும், ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதாவது 2017க்கு முன்னர் வாங்கிய பெரும்பாலான மடிகணினிகள் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு இருப்பவை இத்தகைய கணினிகள்தாம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் புதியதொன்றை வாங்கிக்கொண்டு, பழையதைத் துடைத்து, அடுத்த முறை ஊருக்கு வருபவரின் பயணப்பெட்டிக்குள் வைத்து அனுப்பியவை. அவற்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். இதை அறிந்த இளைஞர்கள் இப்போது அந்த வேலையை ஆர்வத்தோடு செய்கிறார்கள்.

இந்த இடமாற்றத்தில் முதலில் கேட்கும் முறைப்பாடு ரச்பாட் பற்றியது. சுட்டி அசைகிறது, ஆனால் தட்டினால் எதுவும் திறக்கவில்லை. இரண்டு விரலால் பக்கத்தை உருட்ட முடியவில்லை. நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை. அடுத்த வசனம் எப்போதும் ஒன்றுதான்: ரச்பாட் பழுதாகிவிட்டது. நான் பார்த்தவரையில் பெரும்பாலும் அது பழுதாகவில்லை. வேறொரு நிலையில் நிற்கிறது, அவ்வளவுதான். அந்த வேறுபாட்டை அறியாததால் உழைக்கக்கூடிய இயந்திரங்கள் அலுமாரிக்கு மேலே போய்விடுகின்றன என்பதே இதை எழுதுவதற்குக் காரணம்.

என் சொந்த மடிகணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றன. இது ஆடம்பரம் அன்று, தொழில் விட்டுச்சென்ற கடன். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் பணியாற்றியவர்கள் அனைவரையும் போல நானும் ஆண்டுக்கணக்கில் பாமினி எழுத்துருவில் எழுதினேன். அந்தக் கட்டுரைகள் பேஜ்மேக்கர் பக்கங்களாக இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் திறப்பதற்கு வின்டோஸ் வேண்டும். இன்று எழுதுவது யுனிகோடில், அதற்கு லினக்ஸ். பழையதைத் தேடி ஒரு பக்கமும் புதியதை எழுத மறுபக்கமுமாக நாளுக்கு இரண்டு மூன்று தடவை இயங்குதளத்தை மாற்றுவேன். மாற்றும்போதெல்லாம் ரச்பாட்டுக்குப் புத்தி பேதலிக்கும். சில வேளை சாதாரண மௌஸ் போல நடிக்கும். சில வேளை அசையவே மாட்டாது. இரண்டொரு தடவை, நான் கைவைக்காமலே சுட்டி திரையின் மூலைக்கு ஓடி, தானாகவே எதையோ அழுத்தித் திறந்தது. வீட்டில் பேய் பிடித்த கணினி என்று பெயர் வாங்கிற்று.

இதற்கான முதல் துப்பு 2022இல் கிடைத்தது. நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்த அந்த ஆண்டில், மார்ச் இறுதியில், மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மடிகணினியின் பற்றரி துளியும் இன்றி வற்றிப்போகும். மின்சாரம் வந்ததும் மீண்டும் இயக்கினால், முதல் நாள் முழுவதும் முரண்டு பிடித்த ரச்பாட் எதுவுமே நடவாதது போல ஒழுங்காக வேலை செய்யும். பட்டினி கிடந்தால் குணமாகும் நோய் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொன்னோம். 1990க்குப் பின்னர் பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாமல் இருந்து, மின்பிறப்பாக்கிக்கு மண்ணெண்ணெய் தேடி, பயிற்சிக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட ஊர் இது. மின்சாரம் இல்லாததால் ஏதேனும் நன்மை விளைந்ததாக இங்கு எவரும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டீர்கள். ஆயினும் இது ஓர் உண்மையான துப்பு. மின்சாரம் முற்றாக நின்றால் ரச்பாட் எதையோ மறந்துவிடுகிறது, மறந்தால் குணமாகிறது. அப்படியானால் அது எதை நினைவில் வைத்திருந்தது?

அதை விளங்கிக்கொள்ள 1987ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். அந்த ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் பிஎஸ்/2 என்ற கணினி வரிசையை வெளியிட்டது. மௌஸ் கணினியோடு பேசுவதற்கு அது ஒரு முறையை வகுத்தது. மௌஸ் அசையும்போது மூன்று பைட் செய்தி போகும். முதல் பைட்டில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது என்ற தகவல். இரண்டாவதில் பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது. மூன்றாவதில் மேல் கீழாக எவ்வளவு நகர்ந்தது. அவ்வளவே. எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது, எவ்வளவு நகர்ந்தது என்றுதான் சொல்லும்.

ரச்பாட் அதற்குப் பின்னர் வந்தது. 1994இல் அப்பிள் நிறுவனத்தின் பவர்புக் 500 வரிசை மடிகணினிகள் அதைப் பரவலாக அறிமுகப்படுத்தின. இத்துறையில் பின்னாளில் பெரும்பங்கு பிடித்த சினாப்டிக்ஸ் நிறுவனத்தை 1986இல் தொடங்கியவர்கள் ஃபெடரிக்கோ ஃபாஜினும் கார்வர் மீடும். ஃபாஜின் என்பவர் இன்டெல்லின் 4004 நுண்செயலியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். மூளையின் நரம்புகளைப் போல இயங்கும் சில்லுகளைச் செய்வதற்கென்று தொடங்கிய நிறுவனம் ஈற்றில் விரலைப் பின்தொடரும் பலகைகளால் பிழைத்தது.

ரச்பாட்டின் அடியில் மெல்லிய மின்கம்பிகளின் வலை இருக்கிறது. விரல் அருகே வந்ததும் அந்த வலையின் மின்கொள்ளளவு மாறுகிறது. அதைக்கொண்டு விரல் எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலமாகப் பதிந்திருக்கிறது என்றெல்லாம் அது அறியும். விரலில் ஈரம் இருந்தால் கணக்குப் பிழைக்கும். வைகாசி வெயிலில் வியர்த்த கையோடு எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இவ்வளவு தெரிந்திருந்தும் மின்சாரம் பாய்ந்தவுடன் ரச்பாட் இவற்றில் ஒன்றையும் வெளிக்காட்டாது. நான் ஒரு மௌஸ் என்றுதான் கணினியிடம் சொல்லும். 1987இன் மூன்று பைட் செய்தியைத்தான் அனுப்பும். எந்தக் கணினியில் பூட்டினாலும் வேலை செய்யவேண்டும் என்பதற்காக எடுத்த ஒப்பனை இது. தட்டினால் பொத்தானை அழுத்தியதாகக் கொள்வதையும் இந்த நிலையில் ரச்பாட்டே தனக்குள் தீர்மானித்துக்கொள்ளும்.

அதன் உண்மை முகத்தைக் காணவேண்டும் என்றால் கணினி ஒரு பரிபாசையில் கதவைத் தட்டவேண்டும். மௌஸின் துல்லியத்தை மாற்றும் 232 என்ற கட்டளையை அடுத்தடுத்து நான்கு தடவை அனுப்பவேண்டும்; ஒவ்வொன்றுடனும் ஒரு சிறு எண் போகும். சாதாரண மௌஸ் ஒன்று இதைக் கேட்டால், துல்லியத்தை நான்கு தடவை மாற்றச் சொல்கிறார்கள் என்று எண்ணி அப்படியே செய்துவிட்டுச் சும்மா இருக்கும். சினாப்டிக்ஸ் ரச்பாட் கேட்டால் இது தனக்கான அழைப்பு என்று அறிந்துகொள்ளும். நீ யார் என்று இவ்விதம் கேட்கும்போது அது தரும் விடையின் நடுவில் 71 என்ற எண் இருக்கும். அதன் பிறகு நிலையை மாற்றும் கட்டளை போகும். உடனே மூன்று பைட் செய்தி ஆறு பைட் ஆகிவிடும். விரல் இருக்கும் இடம், அழுத்தம், அகலம் எல்லாம் விநாடிக்கு 80 தடவை வரை கணினிக்கு வந்து சேரும். தட்டுவது, உருட்டுவது, இரண்டு விரல், மூன்று விரல் எல்லாவற்றையும் இப்போது தீர்மானிப்பது ரச்பாட் அன்று. கணினியில் இருக்கும் டிரைவர் எனப்படும் இயக்கி. 1996இல் வந்த சக்கரம் வைத்த மைக்ரோசொஃப்ட் மௌஸுக்கும் இத்தகைய இரகசியத் தட்டு உண்டு: 200, 100, 80 என்று வேகத்தை மூன்று தடவை மாற்றினால் தனக்குச் சக்கரம் இருப்பதை அது ஒப்புக்கொள்ளும்.

இனி என் பேய்க்கு வருகிறேன். ஓர் இயங்குதளம் ரச்பாட்டைத் தட்டி எழுப்பி ஆறு பைட் நிலைக்குக் கொண்டுபோகிறது. நான் மீள்தொடக்கம் கொடுத்து மற்ற இயங்குதளத்துக்கு மாறுகிறேன். மீள்தொடக்கத்தின்போது கணினிக்கு மின்சாரம் நிற்பதில்லை. ரச்பாட் விட்ட இடத்திலேயே நிற்கிறது. புதிதாக வந்தவர் அதற்கு 255 என்ற மீளமைப்புக் கட்டளையை அனுப்பி, 170, 0 என்ற பதிலைப் பெற்று, முதலிலிருந்து தொடங்கினால் தொல்லை இல்லை. ஆனால் தொடங்கும் நேரத்தைக் குறைப்பதற்காகச் சில கணினிகளில் இந்தச் சடங்குகள் சுருக்கப்பட்டிருக்கும். அப்போது ஒருவர் மூன்று மூன்றாகப் படிப்பார், மற்றவர் ஆறு ஆறாகப் பேசுவார். விரலின் இடத்தைச் சொல்லும் பைட் பொத்தான் அழுத்தியதாகப் படிக்கப்படும். சுட்டி மூலைக்கு ஓடியதும் தானாகத் திறந்ததும் இப்படித்தான். லினக்ஸின் பதிவேட்டில் இத்தகைய வேளைகளில் ஒத்திசைவு இழந்தது என்று ஒரு வரி விழுந்திருக்கும்.

இதைப் படித்து விளங்கிக்கொண்டபோது எனக்கு ரெலிபிரின்டர் நினைவுக்கு வந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் கொழும்பில் நான் பணிபுரிந்த நாளிதழில் ரொய்ட்டர் செய்திகள் அதில்தான் வந்து விழும். ஆங்கிலத்தில் வருவதைக் கிழித்தெடுத்துத் தமிழில் எழுதிக்கொடுப்பது எங்களைப் போன்ற இளையவர்களின் இரவுக் கடமை. ரெலிபிரின்டரின் குறிமுறையில் ஓர் எழுத்துக்கு ஐந்து துடிப்புகள்தாம். ஐந்தைக் கொண்டு 32 குறிகளே செய்யமுடியும். ஆங்கில எழுத்துக்கள் 26. எண்களுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் இடம் போதாது. ஆகவே ஒரே குறிக்கு இரண்டு பொருள் வைத்தார்கள். இனி வருபவை எழுத்துக்கள் என்று ஒரு குறி. இனி வருபவை எண்கள் என்று இன்னொரு குறி. இடையில் தந்திக்கம்பியில் இரைச்சல் வந்து அந்த நிலைமாற்றுக் குறி தவறிப்போனால், மறுபடி ஒரு குறி வரும்வரை முழுச் செய்தியும் எண்களாக அச்சாகும். ரிப்போர்ட் என்ற ஆங்கிலச் சொல் 430945 என்று வரும்.

புதிதாக வந்தவர்கள் இயந்திரம் பழுது என்று கூவுவார்கள். அங்கிருந்த மூத்த இயக்குநர் எழுந்துகூட வரமாட்டார். தட்டச்சின் மேல்வரிசையை மனதில் வைத்து அந்த எண்களைச் சரளமாக வாசித்துச் சொல்வார். செய்தி முழுவதும் வந்து சேர்ந்திருக்கிறது. இயந்திரமும் சரி, கம்பியும் சரி, அனுப்பியவரும் சரி. எந்த நிலையில் வாசிப்பது என்பதில் மட்டும் இரு முனைகளுக்கும் உடன்பாடு இல்லை. பாமினியில் எழுதிய கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தவர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை நிற்கும். எழுதியது அழிந்துவிட்டது என்று அழுத இளம் நிருபர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பரிகாரம் எளிது. மீள்தொடக்கம் கொடுக்காமல் முற்றாக நிறுத்தி, சில விநாடி பொறுத்து, மீண்டும் இயக்கவேண்டும். பற்றரியைக் கழற்றக்கூடிய பழைய கணினி என்றால் கழற்றிவிட்டு, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரமும் வடிந்துவிடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2012இல் வந்த வின்டோஸ் 8 முதற்கொண்டு, நிறுத்து என்று சொன்னாலும் வின்டோஸ் முற்றாக நிற்பதில்லை. அடுத்த முறை விரைவாக எழுவதற்காகத் தன் உள்நிலையின் பெரும்பகுதியை வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்கும். விரைவுத் தொடக்கம் என்று அதற்குப் பெயர். வின்டோஸ் வைத்திருக்கும் வட்டுப் பகுதியில் லினக்ஸ் எழுத மறுப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். நிறுத்து என்றால் நிற்பதில்லை, மீள்தொடங்கு என்றால்தான் முழுமையாக நின்று எழும் என்பது எந்த மொழி அகராதியிலும் இல்லாத பொருள். இரண்டு இயங்குதளம் வைத்திருப்பவர்கள் மின்சக்தி அமைப்புகளுக்குள் போய் இந்த விரைவுத் தொடக்கத்தை நீக்கிவிடுவது நல்லது. நான் நீக்கிய பின்னர் என் பேய் பெரும்பாலும் வருவதில்லை.

எப்போதாவது வந்தால் லினக்ஸிலேயே அதை ஓட்டலாம். பிஎஸ்மௌஸ் என்ற பகுதியைக் கருவகத்திலிருந்து இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால், மீளமைப்புக் கட்டளையும் இரகசியத் தட்டும் புதிதாகப் போகும். இரண்டு வரிக் கட்டளை. அதை ஒரு விசைச் சேர்க்கைக்குள் வைத்திருக்கிறேன். சுட்டி இறந்திருக்கும்போது சுட்டியால் அழுத்தும் மருந்து உதவாது அல்லவா?

புதிய மடிகணினிகளில் கதை சற்று வேறு. 2013இல் வின்டோஸ் 8.1 உடன் துல்லிய ரச்பாட் என்ற வரையறையை மைக்ரோசொஃப்ட் கொண்டுவந்தது. இவை பெரும்பாலும் பிஎஸ்/2 வழியை விட்டு ஐ-2-சி என்ற வேறு வழியில் பேசும். இவற்றிலும் நிலைகள் உண்டு. எழும்போது 0, அதாவது மௌஸ் நிலை. இயங்குதளம் 3 என்று எழுதினால் ரச்பாட் நிலை. இரகசியத் தட்டு ஒழிந்து முறையான கதவு வந்துவிட்டது, ஆனால் ஒப்பனை அப்படியே தொடர்கிறது. சில ஏசர் மாதிரிகளில் பயோஸ் திரைக்குள்ளேயே அடிப்படை, மேம்பட்டது என்று ரச்பாட்டுக்கு இரண்டு தெரிவுகள் இருக்கும். ஒன்று பழைய வழி, மற்றது புதிய வழி. லினக்ஸ் போட்டதும் ரச்பாட் அடியோடு காணாமற் போனால் அங்கே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.

கடை என்றதும் அண்ணையின் கதையைச் சொல்லவேண்டும்.

அவர் நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் ஒப்புநோக்குநராக இருந்தவர். எண்பதை நெருங்குகிறார். குளப்பிட்டிச் சந்திக்கு அப்பால் வீடு. மரண அறிவித்தல்களும் முப்பத்தோராம் நாளில் வழங்கும் கல்வெட்டு மலர்களும் தட்டச்சுச் செய்து கொடுப்பதுதான் அவருடைய இப்போதைய வருமானம். தேவாரம் ஒரு பிழையின்றி இருக்கவேண்டும், வம்சாவழி விடுபடாமல் இருக்கவேண்டும் என்பவர்கள் அச்சகத்தை விட்டு அவரிடம்தான் வருவார்கள். மருமகன் கனடாவிலிருந்து அனுப்பிய மடிகணினி அவருடையது. வின்டோஸ் 10 முடிந்ததும் அயல்வீட்டு மாணவன் லினக்ஸ் போட்டுக்கொடுத்தான். இரண்டு நாளில் தொலைபேசி வந்தது.

"தம்பி, தட்டினா ஒண்டும் திறக்குதில்லை. கடைக்காரப் பெடியன் ரச்பாட் போட்டுதாம் எண்டு சொல்லுறான். மாத்திறதெண்டா அவன் கேக்கிற காசுக்கு நான் பத்துக் கல்வெட்டு அடிக்கவேணும். ஒருக்கா வந்து பாருமன்."

அந்த வாரம் நான் கொழும்பில் இருந்தேன். திரும்பிப் போய்ப் பார்ப்பதற்குள் வேறொருவர் அதைத் திருத்தியிருந்தார். தட்டினால் திறந்தது. ஆனால் புதிய நோய் ஒன்று வந்திருந்தது. தட்டச்சுச் செய்துகொண்டிருக்கும்போது எழுத்து விழும் இடம் திடீரென்று மேலே உள்ள பந்திக்குத் தாவிவிடுகிறது. அண்ணையின் கைகளுக்கு நடுக்கம் உண்டு. பெருவிரலின் அடிப்பாகம் ரச்பாட்டில் உரசும். அது தட்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். அடுத்த சொல் எங்கோ போய் விழும்.

கதை எழுதுபவனுக்கு இது எரிச்சல். மரண அறிவித்தல் எழுதுபவருக்கு அப்படி அன்று. எங்கள் அறிவித்தல்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு சொல்லின் பாரம் தெரியும். ஒரு பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்ற சொல் நின்றால் அவர் இல்லை, நிற்காவிட்டால் இருக்கிறார். இன்னாரின் அன்பு மகனும், காலஞ்சென்ற இன்னாரின் மருமகனும் என்று ஒரு குடும்பத்தின் இருப்பும் இழப்பும் அந்த ஒற்றைச் சொல்லால் பிரிக்கப்படுகின்றன. நான் போன அன்று அண்ணை ஒரு படியை எடுத்துக் காட்டினார். இறந்தவரின் தகப்பனாருக்கு முன்னால் நிற்கவேண்டிய அச்சொல் தாவிப்போய், நோர்வேயில் உயிரோடு இருக்கும் மருமகனின் பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. நாற்பது ஆண்டு ஒப்புநோக்கிய கண் அதைப் பிடித்துவிட்டது. பிடித்திராவிட்டால் மறுநாள் பத்திரிகையில் அது வந்திருக்கும். அந்த மருமகனின் தாயார் அதை இங்கே படித்திருப்பார்.

"ஒவ்வொண்டையும் மூண்டு தரம் வாசிக்கிறன். பயமாக் கிடக்கு," என்றார். இந்தத் தொழிலை விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார்.

உள்ளே பார்த்தேன். லினக்ஸில் ரச்பாட்டுக்கு இரண்டு இயக்கிகள் வழக்கில் இருந்திருக்கின்றன. பழையது சினாப்டிக்ஸ் என்ற பெயரையே கொண்டது. புதியது லிப்இன்புட், அவுஸ்திரேலியாவில் வாழும் பீற்றர் ஹட்டரர் என்பவர் நீண்டகாலமாகப் பேணிவருவது. அதன் 1.0 பதிப்பு 2015இல் வெளிவந்தது. இரண்டும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தால், பழைய எக்ஸ் வரைகலை முறையில் சினாப்டிக்ஸே முந்திக்கொள்ளும். வேலன்ட் என்ற புதிய முறையில் அதற்கு இடமே இல்லை. அண்ணையின் கணினியில் தட்டுவதைச் சரிசெய்ய வந்தவர் பழைய இயக்கியைத் தேடி நிறுவியிருந்தார். தட்டு வேலை செய்தது. அமைப்புத் திரையில் தட்டச்சின்போது ரச்பாட்டை முடக்கு என்ற தெரிவும் தெரிந்தது. அதைப் பலமுறை அழுத்திப் பார்த்ததாக அண்ணை சொன்னார். ஆனால் அந்தத் திரை பேசியது புதிய இயக்கியோடு. பழைய இயக்கிக்கு அந்த வேலையைச் செய்வது தனியான வேறொரு நிரல்; அது அங்கே இயக்கப்படவே இல்லை. பூட்டாத கதவின் திறப்பை அவர் நாள் முழுவதும் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

பழைய இயக்கியை நீக்கிவிட்டு மறுபடி உள்நுழைந்தேன். லிப்இன்புட் பொறுப்பெடுத்தது. தட்டச்சின்போது ரச்பாட் தானாக அடங்கியது. உள்ளங்கை உரசினாலும் எழுத்து தாவவில்லை. கூடவே தட்டும் வேலை செய்யவில்லை, முதல் நாள் போலவே.

இங்கேதான் விடயத்தின் மையம் இருக்கிறது. லிப்இன்புட்டில், தனிப்பொத்தானோ அடியில் அழுந்தும் பொத்தானோ உள்ள ரச்பாட்டுகளுக்குத் தட்டுவது தொடக்கத்தில் நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கிறது. ஆக்கியோர் அதற்குக் காரணமும் எழுதி வைத்திருக்கிறார்கள். தட்டும் வசதி உண்டென்றே அறியாத ஒருவருக்கு அது இயங்கிக்கொண்டிருந்தால், தான் செய்யாதவை எல்லாம் திரையில் நடப்பதாகத் தோன்றும். கணினியே பிழை என்று எண்ணுவார். வசதியை அறிந்து விரும்புபவரோ அதை எங்கே இயக்குவது என்று தேடிக்கொள்வார். இந்த வாதத்தை எல்லோரும் ஏற்கவில்லை. உபுண்டு முன்னரே தட்டுவதை இயக்கித் தந்தது. 2024 மார்ச்சில் வந்த க்னோம் 46உம் அதை இயல்பாக்கிவிட்டது. ஆகவே ஒரே மடிகணினியில் ஒரு லினக்ஸில் தட்டினால் திறக்கும், இன்னொன்றில் திறக்காது.

எனக்கு வலது பெருவிரல் மூட்டில் வாதம். பொத்தானை அழுத்துவது வலி. தட்டும் வசதி இல்லாத கணினியில் ஒரு மணி நேரம் எழுதினால் இரவில் விரலை மடக்க முடியாது. ஆகவே லிப்இன்புட்டின் முடிவு எனக்கு எதிரானது. பல தடவை அதை மனதுக்குள் வைதிருக்கிறேன். ஆனால் அண்ணையின் மேசையில், அந்தப் படியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வைய முடியவில்லை. அவருடைய மடிகணினி பழையது. ரச்பாட்டுக்குக் கீழே இடம் வலம் என்று இரண்டு தனிப்பொத்தான்கள் இருக்கின்றன. நடுங்கும் விரலுக்கு அவையே பாதுகாப்பு. அழுத்தினால் அழுத்தியது, உரசினால் உரசியது. எந்த நிலையைக் கடைக்காரர் பழுது என்று சொல்லிக் காசு கேட்டாரோ, அந்த நிலைதான் அவருடைய கைக்கு உரியதாக இருந்தது. வின்டோஸில் இத்தனை காலமும் இந்தத் தாவல் வராததற்கும் காரணம் உண்டு. உற்பத்தியாளரின் இயக்கி உள்ளங்கையை விரலிலிருந்து பிரித்தறிந்துகொண்டிருந்தது. அவர் அதை அறியவில்லை. அறியவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவர் பார்த்தது தட்டினால் திறக்காத ஒரு ரச்பாட். அவர் அறிந்த உலகில் அது பழுது. வேறொன்றை மாற்றிப் பூட்டியிருந்தாலும் அதுவும் தட்டினால் திறந்திருக்காது. அப்போது கணினியையே மாற்றச் சொல்லியிருப்பார். கொக்குவிலில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கணினி படித்த பிள்ளைகளுக்கும் குறைவில்லை. ஆனால் நிரல் எழுதப் படித்தவர்கள் ரச்பாட்டைத் தாழ்வாக நினைக்கிறார்கள்; பூட்டிக் கழற்றப் படித்தவர்கள் இயக்கியை அறிவதில்லை. நடுவில் விழுவது அண்ணையைப் போன்றவர்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு கணினி அலுமாரிக்கு மேலே இருந்தால் இறக்கிப் பாருங்கள். முற்றாக நிறுத்தி இயக்கிப் பாருங்கள். அப்போதும் சுட்டி அசைந்து தட்டு மட்டும் வேலை செய்யாவிட்டால், அமைப்புத் திரையில் தட்டினால் அழுத்து என்ற தெரிவைத் தேடுங்கள். அந்தத் திரை சொல்வதற்கு எந்த மாற்றமும் நிகழாவிட்டால் இரண்டு இயக்கிகள் இருக்கின்றனவா என்று அறிந்த ஒருவரைக் கொண்டு பாருங்கள். உள்நுழையும் திரைக்கும் உள்ளே போன பின் வரும் திரைக்கும் அமைப்புகள் வேறுவேறு என்பதையும் நினைவில் வைத்திருங்கள். உள்ளே தட்டு வேலை செய்து வாசலில் செய்யாவிட்டால் அதுவும் பழுதன்று. இவ்வளவும் பார்த்த பின்னர் கடைக்குப் போங்கள்.

அண்ணையின் கணினியில் தட்டை நிறுத்திய நிலையிலேயே விட்டு வந்தேன். இடப்பொத்தானைப் பழக அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. அதன் பின்னர் கல்வெட்டு வேலைகள் வழமைபோல் நடந்தன. மூன்று தரம் வாசிப்பதை மட்டும் அவர் விடவில்லை. விடுமுறைக்குக் கனடாவிலிருந்து பேரன் வந்திருந்தான். தாத்தாவின் கணினியில் தட்டினால் ஒன்றும் திறக்கவில்லையே என்று இரக்கப்பட்டு, அமைப்புத் திரைக்குள் போய் ஒரு நொடியில் அதை இயக்கிவிட்டான். அன்று பின்னேரம் எனக்குத் தொலைபேசி வந்தது.

"தம்பி, காலஞ்சென்றவர் பிறகும் எழும்பி நடக்கத் துவங்கீட்டார்."

இருட்டுவதற்கு முன் சைக்கிளில் போய் மாற்றிவிட்டு வந்தேன்.